ரெண்டு வார்த்தை, ஒரே பெட்டி

கேள்வி: ப்ரன்ச் (பிரேக்ஃபாஸ்ட் பாதி, லஞ்ச் பாதி), ஸ்மாக், ஹேங்ரின்னு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தைய வெட்டி ஒட்டி ஒண்ணாக்குறாங்களே, இதுக்கு ஏதாவது பேரு இருக்கா? யாரு ஆரம்பிச்சது?

பதில்: இருக்கே, போர்ட்மேன்டோ! நடுவுல ரெண்டா பிரிஞ்சு திறக்குற பயணப் பெட்டிக்கு உள்ள பேரு அது. 1871 கடைசியில வந்த லூயிஸ் கரோலோட 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' கதையில ஹம்ப்டி டம்ப்டி ஆலிஸ்கிட்ட, ஸ்லைதின்னா லைத்தும் (வளைஞ்சு நெளியிற) ஸ்லைமியும் (வழவழன்னு இருக்குற) சேர்ந்தது, ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு அர்த்தத்த பெட்டியில அடைக்கிற மாதிரி அடைச்சிருக்குன்னு விளக்குவாரு, அந்தப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. அதுல வர்ற சார்ட்டில்ங்கற சிரிப்பு (மெல்ல சிரிக்கிற சக்கிள் பாதி, மூக்கால சத்தம் விடுற ஸ்நார்ட் பாதி) இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு.

ஆனா ஆரம்பிச்சது அவர் இல்ல. 1812லயே அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநில கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி, தன் கட்சிக்கு சாதகமா தொகுதி எல்லைய வளைச்சு நெளிச்ச சட்டத்துல கையெழுத்துப் போட, மேப்ல ஒரு தொகுதி சாலமாண்டர் (பல்லி மாதிரி இருக்குற ஒரு பிராணி) மாதிரி தெரிய, ஜெர்ரிமாண்டர்னு பத்திரிகையில கிண்டலடிச்சாங்க. மனுஷன் பேரு இன்னும் அதுலயே மாட்டிக்கிட்டு கிடக்கு, பாவம்!

ஸ்மாக்ல பாதி ஸ்மோக், பாதி ஃபாக். ஹேங்ரி (ஹங்ரி பாதி, ஆங்ரி பாதி) பசியில வர்ற கோவம், ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில 2018லதான் ஏறுச்சு, ஆனா அந்தக் கோவம் ரொம்ப பழசு.