ஸ்விஃப்ட் சரி, எந்த ஸ்விஃப்ட்?

இந்த முறை வந்ததில் முக்கால்வாசி பழைய மாருதி ஸ்விஃப்ட் பற்றிய கேள்விகள். அதில் பாதிப் பேர் என்ன இன்ஜின் என்றே எழுதவில்லை.

கே: 2008 ஸ்விஃப்ட் ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜின் எப்படி? (திண்டுக்கல்)

ப: எந்த இன்ஜின்? ஆர்.சி.யில் சி.சி. எவ்வளவு என்று பாருங்கள். 1298 என்றால் பழைய 1.3 பெட்ரோல். 1248 என்றால் டீசல். 1197 என்று இருந்தால் அது 2010-இல் வந்த கே சீரிஸ் 1.2 பெட்ரோல்; அதை 2008 வண்டி என்று விற்பவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: 1.3-ஐ ஏன் 1.2 ஆக்கினார்கள்? இழுவை குறையாதா? (நாகர்கோவில்)

ப: குறையாது. இரண்டுமே ஏறக்குறைய 85 குதிரைத்திறன்தான். விஷயம் வரி. நாலு மீட்டருக்குள் நீளம், 1200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜின் இருந்தால் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம் என்று 2006 பட்ஜெட்டில் சொன்னார்கள். ஸ்விஃப்ட் 2005-லேயே 1298 சி.சி.யோடு வந்துவிட்டது. நூறு சி.சி.யில் போச்சு சலுகை. 2010-இல் சென்னை உள்பட 13 நகரங்களுக்கு பி.எஸ். 4 புகை விதி வந்தபோது இன்ஜினை மாற்றி இரண்டையும் ஒன்றாக முடித்துக்கொண்டார்கள்.

கே: என் 1.2 பெட்ரோலில் டைமிங் பெல்ட் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (கடலூர்)

ப: உங்கள் வண்டியில் பெல்ட்டே கிடையாது, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது செயின். மெக்கானிக்கை மாற்றுங்கள். பெல்ட் இருப்பது 1298-இல் மட்டும், லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விற்பவரிடம் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: 2012 வி.டி.ஐ. (டீசல் ஸ்விஃப்ட்), 1.4 லட்சம் கி.மீ. ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கரகரவென்று சத்தம், அப்புறம் சரியாகிவிடுகிறது. டீசல் என்றால் அப்படித்தானாமே? (ஈரோடு)

ப: யார் சொன்னது? ஃபியட் வடிவமைத்த இன்ஜின் இது. ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் ஓடியது. நல்ல இன்ஜினைக் கெடுப்பது நாம்தான். இதற்கு ஆயில் மூன்று லிட்டர் சொச்சம். அதே ஆயில்தான் டர்போவுக்கும் போக வேண்டும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் தள்ள வேண்டும். அரை லிட்டர் குறைந்தாலும் இதற்கு அது பெரிய குறை. அழுத்தம் ஏறும்வரை தொய்ந்த செயின் உரசுகிற சத்தமாகத்தான் இருக்க வேண்டும் நீங்கள் கேட்பது. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

போன மாதம் என் ஷெட்டுக்கு ஒரு வி.டி.ஐ. வந்தது. சீட் கவர் புதுசு, அலாய் வீல் புதுசு, பாட்டுப் பெட்டியே இருபதாயிரமாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில்கூட ஈரம் இல்லை. ‘பத்தாயிரத்துக்கு ஒருதடவை மாத்துறோமே சார்’ என்கிறார். மாற்றுகிறீர்கள் சரி, நடுவில் ஒருநாளாவது பார்த்தீர்களா? டீசல் வைத்திருப்பவர்கள் ஞாயிறுதோறும் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். எத்தனை தடவைதான் எழுதுவது.

நீங்கள் இன்றே அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சத்தம் வந்தால் செயின் செட் மாற்றும்வரை நெடுந்தூரம் போகாதீர்கள்.

கே: ஆபீஸ் போய்வர தினம் 15 கி.மீ. டீசலா, பெட்ரோலா? (மதுரை)

ப: பெட்ரோல்.

கே: 2007 பெட்ரோல் வண்டிக்கு இ-20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஒத்துக்கொள்ளுமா? (வேலூர்)

ப: அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்ததல்ல. ஃப்யூயல் ஹோஸ்களை வருஷம் ஒருமுறை பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே. எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும். அதற்காக மாத்திரை, மருந்து என்று எதையும் டாங்கில் போடாதீர்கள்.

கே: பெட்ரோல் ஸ்விஃப்டில் டீசல் இன்ஜினைப் பொருத்தலாமா? (சேலம்)

ப: இன்ஜினோடு ஒயரிங், கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ், டாங்க் வரை மாற்ற வேண்டும், ஆர்.டி.ஓ. ஒப்புதலும் வேண்டும். பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு ஒரு வி.டி.ஐ. வாங்குங்கள். வாங்கும்போது டிப்ஸ்டிக்கை நீங்களே உருவிப் பாருங்கள்.