கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்: இந்த முறை முழுக்கப் பிளேன் கதை

போன இதழில பட்டத்துக்கு முச்சை (நூலைக் கொழுவ முன்பக்கத்தில போடுற கயித்துக் கட்டு) கட்டுறதைப் பற்றி ரெண்டு வரி எழுதினன், அதில போற போக்கில பிளேனும் ஒரு வகைப் பட்டம் தான் எண்டு ஒரு வசனத்தை விட்டிட்டன், அவ்வளவு தான், வந்த கேள்வியள் எல்லாம் பிளேன் கேள்வியள். வட்டக்கச்சியில ஒருத்தர் "மாஸ்டர், அப்ப பட்டத்தில ரிக்கெட் எவ்வளவு" எண்டு நக்கலும் அடிச்சிருக்கிறார். சரி, கச்சான் நோய், நெல்லுக் கேள்வியள் அடுத்த முறை. இப்ப பிளேன்.

பிளேனை முதல் கண்டுபிடிச்சது ஆர்? புத்தகத்தில ரைட் சகோதரர்கள் எண்டு கிடக்கு, யூரியூப்பில ஒராள் இல்லை பிரேசில்காரன் எண்டுறார். சோதினைக்கு எதை எழுதுறது? (முழங்காவில், மாணவி)

பிள்ளை, சோதினைக்கு ரைட் சகோதரர்கள், 1903 டிசம்பர் 17 எண்டே எழுதுங்கோ. அந்தப் பிரேசில்காரன் சந்தோஸ் துமோன், அவர் 1906 இல பரிஸில சனம் பார்க்கப் பறந்தவர், அது பொய் இல்லை. ஆனா அதுக்கு முதல் வருசமே, 1905 ஒக்டோபரில, வில்பர் ரைட் ஒரே பறப்பில 39 கிலோமீற்றர் சுத்தி வந்திட்டார். கன பேர் காணேல்ல எண்டது தான் பிரச்சினை.

சோதினை முடிஞ்சிது, இனிக் கதைக்கு வாறன். இந்த ரெண்டு பேரும் ஆர் எண்டு நினைக்கிறியள்? அமெரிக்காவில டேட்டன் எண்ட ஊரில சைக்கிள் கடை வைச்சிருந்தவை. யூனிவர்சிற்றிப் பக்கமே போகாத ஆக்கள். அதே நேரத்தில லாங்லி எண்டு ஒரு பெரிய விஞ்ஞானி, யுத்தத் திணைக்களத்திட்ட 50,000 டொலர் காசு வாங்கி ஒரு மிசின் செய்தவர், அது ஆத்துக்குள்ள விழுந்தது 1903 டிசம்பர் 8. ஒன்பது நாள் கழிச்சு சைக்கிள் கடைக்காரர் பறந்தவை. ஏன் அவையால ஏலுமாயிருந்தது எண்டா, மற்ற எல்லாரும் எப்பிடி மேல எழும்புறது எண்டு தான் மண்டையை உடைச்சவை, இவைக்கு மட்டும் மேல எழும்பினாப் பிறகு சரியாம எப்பிடி நிக்கிறது எண்ட கேள்வி முதல் வந்தது, அது சைக்கிள்காரனுக்குத்தானே வரும், சைக்கிள் தன்ர பாட்டில நிக்காது, ஓடுறவன் நிமிசத்துக்கு நிமிசம் சரிச்சு நிமித்தித்தானே ஓடுறான். ஜேர்மனியில லிலியென்தால் எண்டவர் ரெண்டாயிரம் தரமளவில கிளைடரில பறந்தும், உடம்பை அங்கால இங்கால ஆட்டித்தான் பலன்ஸ் பண்ணினவர், 1896 இல காத்து ஒருக்காப் பிரட்ட விழுந்து செத்துப்போனார்.

ஒருநாள் வில்பர் கடையில நிண்டு, ரியூப் வாற நீளமான மட்டைப்பெட்டியைக் கையில வைச்சு சும்மா முறுக்கிக்கொண்டு நிண்டவராம். ஒரு பக்கம் மேல போக மற்றப் பக்கம் கீழ போகுது. அட, செட்டையையும் இப்பிடி முறுக்கினா என்ன எண்டு பொறி தட்டிச்சுது. உடன பெரிசாச் செய்யேல்ல, 1899 இல அஞ்சடி அகலத்தில ஒரு பட்டம் கட்டி, நாலு கயிறு பிடிச்சு, முறுக்கிப் பார்த்தவை. சரி வந்தது. எங்கட பெடியள் முச்சையை ஒரு விரற்கடை அங்கால தள்ளிக் கட்டிப் பார்க்கிற மாதிரித்தான், நான் பட்டம் எண்டு சொன்னது உதுக்குத்தான், வட்டக்கச்சி அண்ணை கவனிக்கவும்.

எஞ்சின் கதை இன்னும் நல்லம். விக்கிற எஞ்சின் எல்லாம் பாரம், அதால கடையில வேலை செய்த சார்லி ரெயிலர் எண்ட மெக்கானிக் ஆறு கிழமையில ஒண்டு செய்து குடுத்தவர், 12 குதிரைவலு. இப்ப நாங்கள் சொல்லுற மாதிரிக் கபரேற்றர் ஒண்டும் அதில இல்லை. மேல ஒரு சின்ன ராங், அதிலயிருந்து பெற்றோல் தன்ர பாட்டில வடிஞ்சு வந்து எஞ்சின்ர சூட்டில ஆவியாகி உள்ள போகும். இதை முதன்முதல் வாசிக்கேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. யுத்தத்தில பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில நாங்கள் மண்ணெண்ணெயில மோட்டார்சைக்கிள் ஓடின சீர் தெரியும் தானே, சின்னப் போத்தலில துளியூண்டு பெற்றோல், அதை எஞ்சினுக்குள்ள பீச்சி அடிச்சு, உதைச்சு ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது, பின்னால வெள்ளைப் புகை. சார்லி ரெயிலர் அப்ப மல்லாவிச் சந்தியில நிண்டிருந்தா எங்கட கராச்காரரோட நல்லா ஒத்துப் போயிருப்பார்.

காத்தாடி ரெண்டையும் சுத்தினது சைக்கிள் மாதிரி செயினும் பல்லுச் சில்லும் தான். ரெண்டும் ஒரே பக்கம் சுத்தினா பிளேன் ஒரு பக்கம் இழுக்கும் எண்டு ஒரு செயினை மட்டும் எட்டுப் போட்ட மாதிரிப் பிணைச்சு விட்டிச்சினம், மற்றக் காத்தாடி எதிர்ப்பக்கம் சுத்தும். முதல் பறப்பு 12 செக்கன், 120 அடி. அண்டைக்கே நாலாந்தரம் 59 செக்கன், 852 அடி. பிறகு அடிச்ச காத்தில பிளேன் பிரண்டு உடைஞ்சிட்டுது, திரும்ப அது பறக்கவே இல்லை.

கிபிர் எண்டா என்ன மாஸ்டர்? பேர் எங்கயிருந்து வந்தது? சத்தம் கேட்டு நிமிர முதல் அது தலைக்கு மேல வந்திடும், ஹெலி எண்டா அப்பிடி இல்லை, ஏன்? (புதுக்குடியிருப்பு, வாசகி)

தங்கச்சி, இந்தக் கேள்வியை ரெண்டு நாள் மேசையில வைச்சிருந்தன்.

கிபிர் இஸ்ரேலில செய்த சண்டை விமானம். உடம்பு பிரான்ஸ்காரன்ர மிராஜ் விமானத்தைப் பார்த்துச் செய்தது, எஞ்சின் அமெரிக்காவில வடிவமைச்சது. எபிரேய மொழியில கிபிர் எண்டா சிங்கக்குட்டி. இலங்கைக்கு வந்தது 1996. எங்களுக்கு அது ஒரு பேரே இல்லை, கத்துற கத்து. "கிபிர்" எண்டு ஒராள் கத்தினாக் காணும், சோத்துக் கோப்பை அந்தரத்தில நிக்க எல்லாரும் பங்கருக்குள்ள.

உங்கட கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு. சத்தம் ஒரு செக்கனுக்கு 340 மீற்றர் போகும். ஒரு ஜெற் மணிக்கு 900 கிலோமீற்றரில வருது எண்டு வையுங்கோ, அது செக்கனுக்கு 250 மீற்றர். அஞ்சு கிலோமீற்றர் தள்ளி நிக்கேக்க அது போடுற சத்தம் உங்கட காதுக்கு வர 15 செக்கன் எடுக்கும், ஜெற் வந்து சேர 20 செக்கன். அப்ப மிச்சம் எவ்வளவு? அஞ்சு செக்கன். ஹெலி மணிக்கு 200 இல வந்தா அதே தூரத்துக்கு ஒண்டரை நிமிசம் எடுக்கும், சத்தம் அதே 15 செக்கனில வந்திடும், உங்களிட்ட ஒண்டேகால் நிமிசம் இருக்கு, பிள்ளையைத் தூக்கலாம், அடுப்பை நூக்கலாம். சகடை எண்டு பேர் வைச்ச அந்தக் காத்தாடிப் பிளேனும் அப்பிடித்தான், ஊர்ந்து ஊர்ந்து வரும். அதோட ஜெற்றின்ர சத்தம் எங்கயிருந்து கேக்குதோ அங்க ஜெற் நிக்காது, அதைத் தாண்டிப் போயிருக்கும், அதால தான் நாங்கள் ஒரு பக்கம் பார்க்க அது வேற பக்கம் நிண்டது. அந்த அஞ்சு செக்கனுக்குள்ள எத்தினை பேர் எத்தினை அடி ஓடினவை எண்டு எங்கட சனத்துக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை.

வேற ஒண்டு. வானத்திலயிருந்து பிளேன் மூலம் முதல் குண்டு போட்டது 1911 நவம்பர் 1, லிபியாவில, ஒரு இத்தாலிக்காரன், கையால எடுத்துக் கீழ போட்டவன். சைக்கிள் கடைக்காரர் பறந்து எட்டு வருசம் கூட ஆகேல்ல.

இராவணன்ர புஷ்பக விமானம் தான் உலகத்தின்ர முதல் பிளேன் எண்டு நான் சொன்னா மருமகன் சிரிக்கிறான். நீங்கள் என்ன சொல்லுறியள்? (மாங்குளம், வாசகர்)

அண்ணை, மருமகனோட கோவிக்காதேங்கோ. காவியத்தில வாறது காவியம், அதை அப்பிடியே ரசிக்கலாம். விமானம் எண்ட சொல்லைக் கோயிலில மூலஸ்தானத்துக்கு மேல இருக்கிறதுக்கும் சொல்லுறம், அது பறக்கிறேல்லத்தானே. வைமானிக சாஸ்திரம் எண்டு ஒரு புத்தகத்தைக் காட்டி, பாருங்கோ ரிஷிகள் எழுதி வைச்சிருக்கினம் எண்டு வாதாடுவினம். அதை 1974 இல பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆக்கள் உக்காந்து ஆராய்ஞ்சவை. அது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில எழுதினது, அதில சொன்ன ஒண்டும் பறக்காது எண்டு முடிவு. ஆனா பறக்கிற தேரை மனசில கண்ட கெட்டித்தனத்துக்கு நான் தொப்பி கழட்டுவன், அதை மருமகனுக்கும் சொல்லுங்கோ.

வானத்தில பிளேன் போகேக்க வெள்ளைக் கோடு விழுகுதே, அது மருந்து அடிக்கிறதாம், மெய்யோ? (நெடுங்கேணி)

விசர்க் கதை. எரிபொருள் எரிஞ்சா தண்ணி ஆவியும் வரும், அந்த உயரத்தில குளிர் பூச்சியத்துக்குக் கீழ 40 பாகைக்கும் மேல, ஆவி அப்பிடியே ஐஸ் துகளா உறையும். நுவரெலியாவில காலமை வாயால ஊதிப் பாருங்கோ.

என்ர அப்பு சொல்லுவார், பலாலியில ஏறி மெட்ராஸ் போய் வந்தவை எண்டு. அந்தக் காலத்தில உண்மையா அப்பிடிப் பிளேன் ஓடினதோ? (கிளிநொச்சி, வாசகர்)

ஓடினது. அப்பு பொய் சொல்லேல்ல. எயார் சிலோன் கொம்பனியின்ர முதல் பறப்பே அது தான்: 1947 டிசம்பர் 10, இரத்மலானையில எழும்பி, காங்கேசன்துறையில இறங்கி, மெட்ராஸ். காங்கேசன்துறை எண்டு சொன்னது இந்தப் பலாலியைத்தான். சுதந்திரம் கிடைக்க இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு, கவனியுங்கோ. டக்கோட்டா பிளேன், பேர் சீதாதேவி (மாங்குளம் அண்ணைக்குச் சந்தோசமா இருக்கும்). பலாலி ஓடுபாதை ரெண்டாம் உலக யுத்தத்தில வெள்ளைக்காரன் போட்டது, வவுனியாவில இருக்கிறதும் அந்த யுத்தக் காலத்துது தான். பிறகு நடந்ததெல்லாம் தெரியும். கன வருசத்துக்குப் பிறகு 2019 ஒக்டோபர் 17 சர்வதேச விமான நிலையம் எண்டு திறந்து, நவம்பரில சென்னைக்கு விட்டவை, கொரோனாவில நிண்டு, 2022 டிசம்பரில திரும்பத் தொடங்கினது. விட்டது ஏரிஆர் எண்ட காத்தாடிப் பிளேன், சிலர் இறக்கையில காத்தாடியைக் கண்டிட்டு பழசு எண்டு பயப்பிடுகினம், பயப்பிடாதேங்கோ, உள்ள இருக்கிறது ஜெற் வகை எஞ்சின் தான், கிட்டப் பறப்புக்கு எண்ணெய்ச் செலவு குறைவு எண்டு தான் காத்தாடி.

யுத்தக் காலம் எண்டதும் ஞாபகம் வருது. சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடிச்சாப் பிறகு அவுஸ்திரேலியாவுக்குக் கடிதம் போற வழி அடைபட்டுப் போச்சு. அப்ப 1943 இலயிருந்து குவான்ராஸ் கொம்பனி காலிக்குக் கிட்ட கொக்கலை வாவிக்கும் அவுஸ்திரேலியா பேர்த்துக்கும் இடையில கடல் விமானம் ஓட்டினது. இடையில இறங்க நிலமே இல்லை, ரேடியோவில கதைக்கேலாது, ஜப்பான்காரன் கேட்டிடுவான், நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி. மணிக்கணக்கு எவ்வளவு தெரியுமோ, 27 இலயிருந்து 33 மணித்தியாலம். ஒரே பயணத்தில ரெண்டு தரம் சூரியன் உதிக்கிறதைக் காணலாம், அதுக்கு ஒரு சேட்டிபிக்கற்றும் குடுத்தவை. எண்ணெய்ப் பாரத்தால மூண்டு பேரைத் தான் ஏத்தேலும். இப்ப கட்டுநாயக்காவில ஒரு மணித்தியாலம் பிந்தினா நாங்கள் ஆடுற ஆட்டம்.

கறுப்புப் பெட்டி ஏன் கறுப்பா இல்லை? பிளேன் ஜன்னல் ஏன் மூலை வளைஞ்சிருக்கு? (விசுவமடு, ரெண்டு கேள்வி ஒரே போஸ்ட்காட்டில)

ரெண்டுக்கும் ஒரே பிளேன் தான் மறுமொழி, அதால மன்னிச்சன். 1952 இல பிரித்தானியாவின்ர கொமற் தான் முதல் ஜெற் பயணிகள் விமானம். 1954 இல ரெண்டு கொமற் வானத்திலயே பிளந்து இத்தாலிக் கடலில விழுந்தது. ஏன் எண்டு தெரியேல்ல. பிறகு ஒரு முழு பிளேனைத் தண்ணித் தொட்டிக்குள்ள வைச்சு, உள்ள அமுக்கத்தை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கிப் பார்த்தவை, ஜன்னல் மாதிரி வெட்டின இடங்களின்ர மூலையில வெடிப்பு விட்டுது. மூலை கூரா இருந்தா இழுவை எல்லாம் அங்க போய்க் குவியும். சீலையில கத்திரிக்கோலால ஒரு வெட்டு வெட்டிப்போட்டு இழுத்துப் பாருங்கோ, கிழிவு எங்க தொடங்குது எண்டு விளங்கும்.

அந்த விபத்தை ஆராயேக்க அவுஸ்திரேலியாவில டேவிட் வொறன் எண்டவருக்கு வந்த யோசினை தான் விமானியின்ர கதையைப் பதிஞ்சு வைக்கிற பெட்டி. அவற்ற தகப்பனே 1934 இல பிளேன் விழுந்து செத்தவர், அப்ப இவருக்கு ஒன்பது வயசு. பேர் தான் கறுப்பு, நிறம் செம்மஞ்சள், தேடேக்க கண்ணுக்குத் தெரியவேணுமே.

பிளேனுக்கு ஹோர்ன் இருக்கோ? (ஒட்டுசுட்டான், தரம் 5)

இருக்கு ராசா! நிறையப் பேர் கேக்கப் பயந்த கேள்வி. முன் சில்லுக்குக் கிட்ட ஒரு ஹோர்ன் இருக்கும், தரையில நிக்கேக்க விமானி உள்ள ஒரு பட்டனை அமத்தினா கீழ நிக்கிற மெக்கானிக்குக்குக் கேக்கும், "ஒருக்கா வாங்கோ, கதைக்கவேணும்" எண்டது தான் அர்த்தம். மேல பறக்கேக்க அதை அடிக்கிறேல்ல, அங்க மாடு குறுக்க வராது.