தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே வெயிட் தூக்கலாமா?

கேள்வி: சிசேரியன் ஆகி நாலு மாசம். கர்ப்பத்தில் ஏறிய 14 கிலோவில் ஆறுதான் குறைந்திருக்கிறது. இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஜிம்முக்குப் போகலாமா? அம்மா திட்டுகிறார்.
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சாப்பாடு விஷயத்தில் அம்மா பக்கம்தான் நான். பால் சுரக்கவே தினமும் ஏறக்குறைய 400, 500 கலோரி செலவாகிறது, இதில் இரவுப் பட்டினி வேறு கிடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், அப்புறம் நீங்கள் எதை வைத்து வெயிட் தூக்குவீர்கள்? வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே போதும். முட்டை, பயறு, மீன் தட்டில் இருக்கட்டும். தட்டுவடை செட்டை அடியோடு விடச் சொல்லமாட்டேன், தினமும் மட்டும் வேண்டாம்.

ஜிம்முக்கு முன்னால் டாக்டரிடம் தையலைக் காட்டிச் சரி என்று சொல்லவையுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை லேசாகத் தூக்கித் தொப்புளுக்கு மேல் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினால் வயிற்றுத் தசை இன்னும் சேரவில்லை. சிட்-அப்ஸ், பிளாங்க் இப்போது வேண்டாம், பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

விரல் அப்படி இறங்கவில்லையென்றால் வாரம் இரண்டு நாள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் புஷ்-அப், இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கி இறக்குவது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள். இருமினால் சிறுநீர் கசிகிறதா? தூக்கும் எடையைக் குறைத்துவிட்டு, சிறுநீரை அடக்குவது போல இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். மற்ற நாள்களில் நடை. பால் கொடுத்த கையோடு கிளம்பினால் மார்பு கனக்காது.

ஏற்காடு மலை ஏறும் ஆசையெல்லாம் அப்புறம்.