விசா அவர் கையில் இல்லை, தங்கச்சி

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ஸ்பவுஸ் விசாவில் லண்டன் வந்து ஏழு மாதம். கடவுச்சீட்டு கணவரிடம், போன் அவர் பெயரில், கைச்செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், இரண்டு தடவை அடியும் விழுந்திருக்கிறது. வெளியே சொன்னால் "உன்னை ஊருக்கு ஏத்திவிடுவன்" என்கிறார், அது நடக்குமா என்பது முதலாவது. "பெண்கள் அமைப்பெல்லாம் வெள்ளைக்காரிகளின் வேலை, குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள்" என்று கோயிலில் ஒரு மாமி சொன்னாராம், அது உண்மையா என்பது இரண்டாவது.

அவரால் ஏத்திவிட முடியாது. விசா தந்தது ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு), ரத்துச் செய்யக்கூடியதும் ஹோம் ஒஃபிஸ்தான். அவரால் முடிந்தது, "எங்கள் உறவு முறிந்துவிட்டது" என்று அவர்களுக்கு எழுதுவது மட்டும். அப்படி எழுதினால் உங்கள் விசாவைச் சுருக்கி, வழமையாக 60 நாள் அவகாசம் தந்து கடிதம் வரும். ஆகவே அவர் எழுதுவதற்கு முன் நீங்கள் ஒரு சட்டத்தரணியோடு கதைத்திருப்பது நல்லது.

கணவர் பிரித்தானியப் பிரஜையாகவோ, நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ, அகதி அந்தஸ்துப் பெற்றவராகவோ இருந்தால், வன்முறையால் உறவு முறிந்த மனைவி ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை. தன் பெயரில் உடனே நிரந்தர வதிவிடம் கேட்கலாம். ஆங்கிலப் பரீட்சை இல்லை, 'லைஃப் இன் த யூகே' பரீட்சை இல்லை, அவருடைய சம்பளச் சான்றும் வேண்டாம். கையில் பணமில்லை என்று காட்டினால் கட்டணமும் தள்ளுபடி. அதுவரை எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மூன்று மாதச் சலுகை விசா ஒன்று இருக்கிறது. 2012 முதல் டிடிவிசி (DDVC) என்று அழைத்தார்கள், 2024 முதல் அதன் பெயர் எம்விடிஏசி (MVDAC). அது கிடைத்தால் 'அரச உதவிப்பணம் கிடையாது' என்ற நிபந்தனை நீங்கும். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் எடுக்கலாம், வீட்டு வாடகைக்கு உதவி வரும், பெண்கள் காப்பகத்தில் இடம் கிடைப்பதும் சுலபமாகும்.

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சலுகை கிடைத்ததும் பழைய ஸ்பவுஸ் விசா போய்விடும். அந்த மூன்று மாதத்துக்குள் நிரந்தர வதிவிட விண்ணப்பம் போகாவிட்டால் விசா இல்லாத ஆளாகிவிடுவீர்கள். கணவர் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவரென்றால், 2024 முதல் மூன்று மாதம் மட்டும் கிடைக்கும், அதன் பின் நிரந்தர வதிவிடத்துக்கு இந்த வழி இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே படிவம் நிரப்பித் தரும் 'தெரிந்த அண்ணாமார்' இருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் குற்றம். சொல்பவர் பதிவு பெற்ற ஆலோசகரா, சொலிசிட்டரா என்று முதலில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இந்த விண்ணப்பத்துக்கு லீகல் எய்ட், அதாவது அரச செலவில் சட்ட உதவி, உண்டு.

இனி அந்த மாமியின் கதைக்கு வருவோம். மேலே சொன்ன சலுகை வானத்திலிருந்து விழவில்லை. முன்பு மணமகளாக வந்தவர் ஒரு வருடம் முடியுமுன் வீட்டை விட்டு வெளியேறினால் நாட்டை விட்டே வெளியேற வேண்டும். அடி தாங்கு, அல்லது திரும்பிப் போ. இந்த 'ஒரு வருட விதி'யை எதிர்த்து வருடக்கணக்கில் நின்றது சௌத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற மேற்கு லண்டன் பெண்கள் அமைப்பு. 1999இல் முதல் சலுகை வந்தது, 2002இல் அது குடிவரவு விதிகளில் ஏறியது, 2012இல் உதவிப்பணமும் சேர்ந்தது. அமைப்பு தொடங்கியது 1979இல். தொடங்கியவர்கள் ஆசியப் பெண்களும் கரீபியப் பெண்களும். 'பிளாக்' என்ற சொல்லை அன்று நிறவெறிக்கு எதிராக ஒன்றாய் நின்ற எல்லோரும் தமக்கு வைத்துக்கொண்டார்கள்.

அதே 1979இல்தான், திருமணம் செய்ய வந்த ஓர் இந்திய ஆசிரியைக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்த சங்கதி வெளியே வந்தது. ஆசிய, கரீபியப் பெண்கள் விமான நிலையத்துக்கே போய் எதிர்ப்புக் காட்டினார்கள். அதற்கு முன், 1976 முதல் 1978 வரை, வட லண்டனில் கிரன்விக் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் சேலை கட்டிய ஜெயாபென் தேசாய். வெள்ளையரல்லாத பெண்களுக்கு இந்த நாட்டில் உரிமை என்று ஏதாவது இருந்தால், அதில் பெரும்பங்கு இப்படி வந்தது.

வெள்ளைக்காரப் பெண்கள் அமைப்புகள் குறைந்தவை என்று சொல்லவில்லை. 1971இல் லண்டன் சிஸிக்கில் திறந்த காப்பகம் இங்கே எத்தனையோ காப்பகங்களுக்கு வழிகாட்டி. ஆனால் விசா, மொழி, மாமியார் வீடு, சீதனம் என்று கதைக்கும்போது விளக்கம் சொல்லிக் களைக்கத் தேவையில்லாத இடம் வேண்டுமென்றால் சிறுபான்மைப் பெண்களுக்கான அமைப்புகளிடம் போங்கள். 2008இல் சௌத்ஹால் பகுதியின் உள்ளூராட்சி சபையான ஈலிங் கவுன்சில் "எல்லோருக்கும் பொதுவான ஒரே சேவை போதும்" என்று சௌத்ஹால் அமைப்பின் பணத்தை நிறுத்தப் பார்த்தது. அவர்கள் ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார்கள்.

"எங்கட கலாசாரம் அப்படி" என்ற பேச்சை இரண்டு பக்கமும் கேட்பீர்கள். சில அதிகாரிகள் அதைச் சொல்லி ஒதுங்குவார்கள், எங்கள் பெரியவர்கள் அதைச் சொல்லி அடக்குவார்கள். இரண்டையும் நம்பாதீர்கள். மனைவியைப் பலாத்காரம் செய்த கணவனை அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் தெளிவாகக் குற்றவாளி என்று சொன்னது 1991இல்தான். அதுவரை இதுவும் 'அவர்களுடைய கலாசாரம்' தானே? அடிக்கு வேர், ஒருத்தி போக இடமில்லாமல் இருப்பதும் அது அவனுக்குத் தெரிந்திருப்பதும். குடும்பம் அவளை அவனுடைய உடைமை என்று வளர்த்துக் கொடுக்கிறது. ஒருவருடைய விசா இன்னொருவரில் தொங்கும்படி சட்டம் செய்து வைத்திருக்கிறது. வெளியே கேலி செய்யும் சமூகத்துக்குப் பயந்து உள்ளே நடப்பதை நாங்கள் மூடுகிறோம்.

"வேலையில் துவேசம், மனுசன் நொந்து போய் வாறார்", "போரில் பட்டவர்" என்பதும் வரும். துவேசமும் உண்மை, போரும் உண்மை. ஆனால் அவர் மேலதிகாரியை அடிப்பதில்லை. போரில் பட்ட பெண்களும் இருக்கிறார்கள், அவர்கள் கணவரின் கடவுச்சீட்டை ஒளித்து வைப்பதில்லை.

அடி விழாவிட்டாலும் உங்கள் விஷயம் குற்றம்தான். 2015 முதல் கட்டுப்படுத்தி அச்சுறுத்தி வாழ வைப்பதே தனிக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. 2021ஆம் ஆண்டுச் சட்டம் பணத்தை முடக்குவதையும் வன்முறை என்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையையும் பாதிக்கப்பட்டவர் என்கிறது. இவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும், ஸ்கொட்லாந்துக்கு வேறு சட்டம். விசா விதிகள் எங்கும் ஒன்று.

பொலிஸ் பயம் வீண் பயம் அல்ல. பாதிக்கப்பட்ட பெண்களின் விவரத்தைப் பொலிஸ் ஹோம் ஒஃபிசுக்குக் கொடுப்பதை எதிர்த்து 2018இல் சௌத்ஹால் அமைப்பும் லிபர்ட்டி என்ற மனித உரிமை அமைப்பும் முறையிட்டன. அது தீங்கு என்று 2020இல் பொலிஸ் கண்காணிப்பு அமைப்புகளே ஒத்துக்கொண்டன. 2022இல் பிரித்தானியா பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் உடன்படிக்கையை ஏற்றபோதும், குடிவரவுப் பெண்களின் வதிவிடம் பற்றிய 59ஆம் பிரிவை ஒதுக்கி வைத்தது. உங்கள் விசா இப்போது செல்லுபடியாக இருப்பதால் இந்த ஆபத்து உங்களுக்குக் குறைவு. உயிருக்கு ஆபத்தென்றால் யோசிக்காமல் 999. கைபேசியில் வாய் திறக்க முடியாவிட்டால் இருமுங்கள் அல்லது தட்டுங்கள், கேட்கும்போது 55ஐ அழுத்துங்கள், அழைப்பு பொலிசுக்குப் போகும். வந்தவர்களிடம் "டமில் இன்டர்பிரிட்டர்" என்று மட்டும் சொன்னாலே போதும். கணவரோ அவருடைய தம்பியோ மொழிபெயர்க்க விடாதீர்கள். ஆங்கிலம் தெரிந்தவர் முந்திக் கதைத்து, அடி வாங்கியவளே கைதாகும் சம்பவங்கள் இப்படித்தான் நடக்கின்றன. விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

சான்று என்றால் நீதிமன்றத் தண்டனைதான் வேண்டும் என்றில்லை. ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) தனியாகப் போய், யார், என்ன, எப்போது என்று சொல்லி எழுத வையுங்கள். லீகல் எய்டுக்கான கடிதத்துக்கு அவர்கள் பணம் கேட்கக்கூடாது. இந்தக் குறிப்பை இணையத்தில் தெரியாதபடி மறைக்கும்படி அங்கேயே கேளுங்கள், என்எச்எஸ் ஆப்பை அவரும் திறந்து பார்க்கலாம். காயத்தின் படமும் மிரட்டல் வாட்ஸ்அப்பும் உங்கள் போனில் இருந்தால் அவருடைய கணக்கோடு சேர்ந்து அவர் கண்ணில் படும். நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு அவற்றை அழித்துவிடுங்கள். நெருங்காதே என்று குடும்ப நீதிமன்றம் தரும் நொன்-மொலஸ்டேஷன் உத்தரவுக்குக் கட்டணம் இல்லை, படிவம் எஃப்எல் 401, அவருக்கு அறிவிக்காமலே அவசரமாகக் கேட்கலாம். மீறினால் பொலிஸ் பிடிக்கலாம்.

கோயிலில் இருவரையும் இருத்தி வைத்துப் பேசித் தீர்ப்போம் என்றால் போகாதீர்கள். அவர் முன்னால் உண்மை சொல்ல முடியாது, சொன்னால் இரவு வீட்டில் பதில் வரும். பிரியப் போகிறேன் என்று தெரிய வரும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை, அதனால் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவே வேண்டாம். "அம்மாவைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று திடீரென்று டிக்கெட் போட்டால் இன்னும் கவனம். அங்கே கொண்டுபோய்க் கடவுச்சீட்டோடு தான் மட்டும் திரும்பி வருவது பழைய தந்திரம். அப்படிக் கைவிடப்பட்டவர்கள் வெளியிலிருந்து விண்ணப்பிக்க 2024 முதல் வழி இருக்கிறது, ஆனால் அங்கிருந்து போராடுவது பல மடங்கு கஷ்டம்.

இப்போது உங்கள் விசா ஈவிசா, இணையத்தில் இருப்பது. கடவுச்சீட்டு அவரிடம் இருந்தாலும், ஹோம் ஒஃபிசின் விசாப் பிரிவான யூகேவிஐ (UKVI) கணக்கில் எந்த ஈமெயிலும் போன் இலக்கமும் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் விண்ணப்பித்தவர் அவர், இலக்கமும் அவருடையதாகவே இருக்கும். மாற்றினால் அவருக்குச் செய்தி போகக்கூடும், அதனால் வெளியே வந்த அன்று மாற்றுங்கள். அதற்கு முன் அவருக்குத் தெரியாத ஒரு ஈமெயிலை நூலகக் கணினியில் திறந்து வையுங்கள். குடும்ப வன்முறை உதவிக்கான தேசிய இலவச இலக்கம் 0808 2000 247, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வேறு யாருடையதாவது போனில் எடுங்கள்.