அட்லாண்டிஸ் கடற்கொள்ளைக் கப்பலா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரில் இந்தியப் பெருங்கடலில் திரிந்த ஜெர்மானிய ‘அட்லாண்டிஸ்’ பற்றிய தங்கள் கட்டுரையில், அக்கப்பலை எம்டனின் வாரிசு என்று எழுதியிருந்தீர்கள். 1914-இல் சென்னை மீது குண்டு வீசிய எம்டன், போருக்கென்றே கட்டப்பட்ட கப்பல். அட்லாண்டிஸோ பீரங்கிகளை ஒளித்துவைத்து, பிற நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டு, நிராயுதபாணிகளை ஏமாற்றிப் பிடித்த சரக்குக் கப்பல். இதற்குக் கடற்கொள்ளை என்றல்லவா பெயர்?

கே., தூத்துக்குடி

அன்புள்ள கே.,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது; ஆனால் கடற்கொள்ளை என்ற குற்றச்சாட்டு நிற்காது. வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக மாற்றுவதற்கு 1907-ஆம் ஆண்டின் ஏழாம் ஹேக் உடன்படிக்கையே வழி வகுத்திருந்தது. கப்பல் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், தலைவர் கடற்படை அதிகாரியாக இருக்க வேண்டும், மாலுமிகள் படை ஒழுங்குக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும், போர் விதிகளை மீறக்கூடாது என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். பிறநாட்டுக் கொடியுடன் நெருங்குவது கடற்போர் மரபில் அனுமதிக்கப்பட்ட தந்திரமே. முதல் குண்டு வெடிப்பதற்குள் அதை இறக்கிவிட்டுச் சொந்தக் கொடியை ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் மெச்சுகிற எம்டனும் பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்திக்கொண்டுதான் 1914 அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பலொன்றை மூழ்கடித்தது.

அட்லாண்டிஸின் பழைய பெயர் கோல்டன்ஃபெல்ஸ். இந்தியத் துறைமுகங்களோடு பெருவணிகம் நடத்திய பிரேமன் நகரத்து ஹன்சா நிறுவனத்துக்காக 1937-இல் கட்டப்பட்டது. பிரிட்டன் பெரிய பயணிகள் கப்பல்களில் பழைய பீரங்கிகளைப் பொருத்தி வெளிப்படையாகவே காவலுக்கு அனுப்பியபோது, ஜெர்மனி இத்தகைய டீசல் சரக்குக் கப்பல்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: இவை குறைந்த எரிபொருளில் மாதக்கணக்கில் கடலில் நிற்கும், பார்ப்பவர் கண்ணுக்கு நூற்றில் ஒன்றாகத் தெரியும். பழைய போர்க்கப்பலொன்றிலிருந்து கழற்றிய ஆறு 15 செ.மீ. பீரங்கிகள் மடித்துத் திறக்கும் இரும்புத் தட்டிகளுக்குப் பின்னால் மறைக்கப்பட்டன. பாய்மரங்களை நீட்டவும் குறுக்கவும் முடிந்தது. ‘காஸி மாரு’ என்ற ஜப்பானியக் கப்பலாக வேடமிட்டபோது, மாலுமிகள் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்ள, பெண் வேடமிட்ட ஒருவர் மேல்தளத்தில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாராம். நாடகக் கம்பெனிக்காரர்கள் தோற்றார்கள் போங்கள்!

நிராயுதபாணிகள் என்று நீங்கள் எழுதியதைச் சற்றே திருத்த வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள் பலவற்றின் பின்புறம் ஒரு பீரங்கி இருந்தது. மாறுவேடக் கப்பல் தாக்கினால் உடனே ‘கியூ கியூ கியூ’ என்று வானொலியில் அறிவிக்க வேண்டும் என்பது அவற்றுக்கு இடப்பட்ட கட்டளை. அந்தச் செய்தி வெளியேறினால் வேடம் கலைந்துவிடும் என்பதால், அட்லாண்டிஸின் தலைவர் பெர்ன்ஹார்ட் ரோக்கெ வானொலியைத் தொட்ட கப்பலைத் தயங்காமல் சுட்டார். என் மனம் உறுத்துவது கொடி விஷயத்தில் அல்ல, இந்த இடத்தில்தான். 1940 நவம்பர் 11 அன்று சுமத்ராவுக்கு அருகே ‘ஆட்டோமீடன்’ சிக்கியபோது குண்டுகள் அதன் தலைமைத் தளத்தைச் சிதைத்துத் தலைவரையும் உடனிருந்த அதிகாரிகளையும் கொன்றன. ஆபத்து நேர்ந்தால் கடலில் எறிவதற்கென்று, விரைந்து மூழ்கும்படி துளை வளையங்கள் பொருத்திய துணிப்பையொன்று அங்கே இருந்தது. எறிவதற்கு ஆள் மிஞ்சவில்லை. தூரகிழக்கில் பிரிட்டனின் பலவீனத்தை விளக்கும் அறிக்கை அதற்குள் இருந்தது. அது டோக்கியோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அட்லாண்டிஸ் 622 நாட்கள் கடலில் இருந்து 22 கப்பல்களைப் பிடிக்கவோ மூழ்கடிக்கவோ செய்தது. 1941 ஏப்ரலில் ‘ஜம்ஜம்’ என்ற எகிப்தியக் கப்பல் அதனிடம் அகப்பட்டபோது, பயணிகளில் ஒருவராக இருந்த அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் ஷெர்மன் அட்லாண்டிஸைப் படமெடுத்து, படச்சுருள்களைப் பற்பசைக் குழாய்களிலும் சவரக் களிம்புக் குழாய்களிலும் ஒளித்துக் கொண்டுபோய்விட்டார். அந்தப் படம் பிரிட்டிஷ் கடற்படைக்கும் கிடைத்தது. நவம்பர் 22 அன்று தென் அட்லாண்டிக்கில் ‘டெவன்ஷயர்’ போர்க்கப்பல் எதிர்ப்பட்டபோது, தன்னை டச்சுக் கப்பல் ‘பாலிஃபெமஸ்’ என்று சொல்லிக்கொண்ட அட்லாண்டிஸின் பேச்சு எடுபடவில்லை. அதன் பீரங்கிகள் எட்டாத தூரத்தில் நின்றே டெவன்ஷயர் அதை முடித்துவிட்டது.

உங்கள் கேள்விக்குச் சரியான விடை போருக்குப் பிந்தைய ஹாம்பர்க் நீதிமன்றத்தில் இருக்கிறது. இதே வகை மாற்றக் கப்பல்களான ‘விட்டர்’, ‘மிஷேல்’ ஆகியவற்றின் தலைவராக இருந்த ஹெல்முட் ஃபான் ருக்டெஷெல்லை, சரணடைந்த கப்பலைத் தொடர்ந்து சுட்டதற்காகவும் உயிர்தப்பியவர்களின் பாதுகாப்பைக் கவனிக்காததற்காகவும் 1947-இல் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் தண்டித்தது. சரக்குக் கப்பலில் பீரங்கியை ஒளித்துவைத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டே அல்ல. அவர் 1948-இல் சிறையிலேயே இறந்தார். ரோக்கெ தண்டிக்கப்படவில்லை, 1957-இல் மேற்கு ஜெர்மனியின் புதிய கடற்படை அவரை ரியர் அட்மிரலாகச் சேர்த்துக்கொண்டது.