செடிக்குள் உருவாகும் வாயுக்கள்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

செடிகள் தாங்களே தயாரித்துச் சமிக்ஞையாகப் பயன்படுத்தும் வாயுக்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

வாயு என்றால் பறந்துவிடுமே, அதை வைத்து எப்படித் தகவல் அனுப்ப முடியும்?

பறந்துவிடுவதுதான் அதில் உள்ள வசதியே. பழத்தைப் பழுக்க வைக்கும் எத்திலீனும், இன்னொரு சமிக்ஞை வாயுவான நைட்ரிக் ஆக்சைடும் மிகச் சிறிய மூலக்கூறுகள். செல் சவ்வைத் தாண்ட அவற்றுக்குத் தனிக் கதவு தேவையில்லை. செடி தயாரிப்பை நிறுத்தினால் மிச்சமிருப்பது வெளியே கசிந்துவிடும் அல்லது வேறு பொருளாக மாறிவிடும். சமிக்ஞையும் தானாக அடங்கிவிடும்.

எத்திலீனை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நெல்யூபோவ் என்ற ஆய்வாளர் இருட்டில் பட்டாணி நாற்று வளர்த்தார். ஆய்வகத்துக்குள் வளர்ந்த நாற்றுகள் குட்டையாகி, தண்டு தடித்து, பக்கவாட்டில் படுத்து வளர்ந்தன. வெளிக்காற்றைக் கொடுத்தால் நேராக எழுந்தன. விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று அவர் காட்டினார். பழங்களே எத்திலீனை வெளியிடுகின்றன என்பதை 1934-இல் கேன் என்ற ஆய்வாளர் நிரூபித்தார்.

அந்த விசித்திர வளர்ச்சிக்கு ஓர் அர்த்தம் உண்டு. மண்ணுக்குள் முளைக்கும் நாற்று கெட்டியான மண்ணில் முட்டும்போது எத்திலீன் கூடுகிறது. தண்டு தடித்து, நுனி கொக்கிபோல் வளைந்து, இளங்குருத்தைச் சிராய்க்காமல் மேலே தள்ளிக்கொண்டு போகிறது.

எத்திலீன் ஏற்பி தலைகீழாக வேலை செய்கிறது என்று பாடத்தில் படித்தேன். புரியவில்லை. (மாணவி)

படித்தது சரிதான். ஏற்பி என்பது சமிக்ஞையை உணரும் செல் புரதம். எத்திலீன் இல்லாதபோதுதான் ஏற்பி சுறுசுறுப்பாக இருந்து, எத்திலீனுக்கான எதிர்வினைகளை அடக்கி வைக்கிறது. எத்திலீன் வந்து ஏற்பியிலுள்ள தாமிர அயனியோடு சேர்ந்ததும் அந்த அடக்குமுறை நின்றுவிடுகிறது. ஏற்பியில் வெள்ளி அயனி போய் உட்கார்ந்துவிட்டால் எத்திலீன் வந்தாலும் பலிக்காது. வெட்டிய பூக்கள் வாடாமலிருக்க வெள்ளி தயோசல்ஃபேட் கரைசலைப் பயன்படுத்தியது இதனால்தான்.

நெற்பயிர் முழுதாக மூழ்கினால் இந்த வாயுக்கள் என்ன செய்யும்?

இந்தத் துறையில் என்னை அதிகம் வியக்க வைப்பது இதுதான். வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். அதனால் மூழ்கிய செடியின் எத்திலீன் வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்கிறது. தான் மூழ்கிவிட்டதை நெல் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்புறம் இரண்டு வழிகள். ஆழநீர் நெல்லில், 2009-இல் விவரிக்கப்பட்ட ஸ்நார்கெல் மரபணுக்களை எத்திலீன் தூண்டிவிடும். தண்டு விறுவிறுவென்று நீண்டு தலையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்துவிடும். 2006-இல் அடையாளம் காணப்பட்ட சப்1ஏ மரபணு உள்ள நெல்லோ நேர்மாறு. அதே எத்திலீன்தான் தூண்டுகிறது, ஆனால் பயிர் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி மாவுச்சத்தைச் சேமித்துக்கொண்டு காத்திருக்கும். இரண்டு வாரம் போல மூழ்கிக் கிடந்தும், நீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். சில நாளில் வடியும் வெள்ளத்துக்கு இது சரி. மாதக்கணக்கில் நிற்கும் நீரில் ஆழநீர் நெல்தான் தாங்கும்.

அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நஞ்சாயிற்றே, அது எப்படிச் செடிக்கு உதவும்?

எவ்வளவு, எங்கே என்பதைப் பொறுத்தது. வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோன் கூடும்போது, இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்கள் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலத்திலிருந்து இதை மிகச் சிறிதளவு தயாரிக்கின்றன. அது சில புரதங்களின் சிஸ்டீன் பகுதியில் கூடுதலாக ஒரு கந்தக அணுவைச் சேர்க்கிறது. விளைவாக இலைத்துளை மூடி நீரிழப்பு குறைகிறது. நீர் தேங்கிய மண்ணில் பாக்டீரியா பெருமளவில் உண்டாக்கும் அதே வாயு வேரின் சுவாசத்தை முடக்கும். அப்படிப்பட்ட மண்ணில் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் இரும்பு சல்ஃபைடு படிந்து கறுத்திருக்கும்.

நைட்ரிக் ஆக்சைடு தரும் சோடியம் நைட்ரோபுருசைடில் விதையை ஊறவைக்கலாமா? உவர்ப்பைத் தாங்குமாம்.

வேண்டாம். ஆய்வுகளில் முளைப்பு கூடியது உண்மை. ஆனால் அந்தச் சேர்மம் சயனைடையும் வெளிவிடும், வீட்டில் கையாளத் தக்கதல்ல. பலன் நைட்ரிக் ஆக்சைடால்தானா என்று பிரித்தறிய, அது முழுதும் வெளியேறிப்போன பழைய கரைசலையும் ஒப்பீட்டுக்கு வைத்துச் சோதித்த ஆய்வுகளையே நான் நம்புவேன். பல கட்டுரைகளில் அது இல்லை.

கார்பன் மோனாக்சைடு?

ஹீம் என்ற இரும்புள்ள மூலக்கூறு சிதையும்போது செடிக்குள் உருவாகிறது. சோதனைகளில் பக்கவேர்களைத் தூண்டியிருக்கிறது. எத்திலீனுக்கு இருப்பதுபோலத் தனி ஏற்பி இதற்கு இதுவரை அடையாளம் காணப்படவில்லை.

இறுகிய மண்ணில் வேர் இறங்காதது பலமில்லாததால்தானே?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 2021-இல் வந்த ஓர் ஆய்வு வேறு காரணத்தைக் காட்டியது. நல்ல மண்ணில் வேர்நுனியின் எத்திலீன் மண்துளைகள் வழியாக விலகிப் போகும். இறுகிய மண்ணில் துளைகள் அடைபட்டு அது வேரைச் சுற்றியே தேங்க, வேர் நீள்வதை நிறுத்திக்கொள்கிறது. எத்திலீனை உணர முடியாத திடீர்மாற்றச் செடிகளின் வேர்கள் அதே இறுகிய மண்ணுக்குள் இறங்கிப் போயின.