பனிக்காலத்தில் பாறைமுகடு ஏறுதல்: கேள்வி பதில்

கேள்வி: கோடையில் கையை ஊன்றி எளிதாக ஏறி இறங்கிய பாறைமுகட்டில் பனிக்காலத்திலும் ஏற நினைக்கிறேன். பழகிய வழிதானே, புதிதாக என்ன வேண்டும்?

வழி பழகியதுதான், மலை பழகியதன்று. கோடையில் விரலால் பற்றிய விளிம்புகள் பனிக்கடியில் புதைந்திருக்கும். புதையாதவற்றின் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய உறைபனி படர்ந்திருக்கும். பிரிட்டனில் இத்தகைய கோடை வழிகளை 1 முதல் 3 வரை தரம் பிரிப்பவர்கள், அதே முகடுகளுக்குப் பனிக்காலத்தில் ரோமன் எண்களில் வேறொரு தரவரிசையைப் பயன்படுத்துவது இதனால்தான். பனிக்கோடாரி, கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் முள்தகடு), ஹெல்மெட் ஆகிய மூன்றும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: முதலில் கிராம்பான் வாங்கட்டுமா, பூட்ஸ் வாங்கட்டுமா?

பூட்ஸ்தான் முதலில். கிராம்பான் பூட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது என்பதால், அடிப்பாகம் வளைந்து கொடுக்கும் பூட்ஸில் எவ்வளவு உயர்ந்த கிராம்பானை மாட்டினாலும் அது நடுவழியில் கழன்றுவிடும். பூட்ஸின் விறைப்பை பி0 முதல் பி3 வரையும், கிராம்பானை சி1 முதல் சி3 வரையும் வகைப்படுத்துவார்கள். பி0 எதற்கும் ஆகாது; பி1 பூட்ஸுக்கு சி1 மட்டும்; பி2 பூட்ஸுக்கு சி2 வரை; பி3 எல்லாவற்றையும் தாங்கும். பாறையும் பனியும் கலந்த முகட்டுக்கு பி2 பூட்ஸும், குதிகாலில் நெம்புபிடியும் முன்பக்கம் வாரும் கொண்ட 12 முள் சி2 கிராம்பானும் போதும் என்பது என் கருத்து. எடை குறைவு என்று அலுமினியத்தை எடுக்காதீர்கள். பாறையில் உரசி அதன் முனைகள் விரைவில் மழுங்கிவிடும், எஃகுதான் நிலைக்கும்.

கடைக்குப் போகும்போது பூட்ஸைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கிராம்பானைப் பொருத்தி, வாரைக் கட்டாமலேயே தூக்கிக் குலுக்கினால் அது விழக்கூடாது. வாரின் மிச்ச நுனி தொங்கினால் மறு காலின் முள் அதில் சிக்கி உங்களைத் தலைகுப்புறத் தள்ளும் என்பதால், அதை அளவாக வெட்டிவிடுவதோ செருகிவிடுவதோ நல்லது.

கேள்வி: ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு முட்களும் கோத்து விற்கிறார்களே, அது போதாதா?

உறைந்த சமதளப் பாதைக்குப் போதும். செங்குத்தான சரிவில் ரப்பர் நழுவி முட்கள் பக்கவாட்டில் போய்விடும்.

கேள்வி: பனிக்கோடாரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

கையும் காலும் ஊன்றி ஏறும் இடத்தில் 50 முதல் 60 சென்டிமீட்டர் வசதியானது. அதற்கு மேல் நீண்டால் பாறையில் இடித்துக்கொண்டே இருக்கும். நீளத்தைவிடப் பயிற்சி முக்கியம். கீழே ஆபத்தில்லாத, படிப்படியாகச் சமதளத்தில் முடியும் சரிவில், கிராம்பான் இல்லாமல், வழுக்கிச் சென்று கோடாரி முனையைப் பனியில் அழுத்தி நிற்கப் பழகுங்கள். காலில் கிராம்பான் இருக்கையில் உண்மையாகவே சறுக்கினால் பாதங்களைத் தூக்கிக்கொள்ள வேண்டும். முள் பனியில் மாட்டினால் உடல் குட்டிக்கரணம் போட்டுவிடும்.

கேள்வி: எத்தனை சட்டை, எத்தனை கையுறை?

சட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, அதன் மேல் ஃபிளீஸ் என்னும் மென்மையான செயற்கை இழைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், நிற்கும்போது போட்டுக்கொள்ளப் பையில் ஒரு தடித்த ஜாக்கெட். பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடற்சூட்டைக் களவாடும்.

கையுறைதான் பெரிய விஷயம். ஒருமுறை முகட்டின் மேல் கிராம்பான் வாரை இறுக்குவதற்காக வலக்கையுறையைக் கழற்றி முழங்காலுக்கடியில் வைத்தேன். காலைச் சற்று நகர்த்தியதும் காற்று அதை அள்ளிக்கொண்டு போயிற்று. சில நிமிடங்களில் விரல்கள் மரத்து, கொக்கியைக்கூட அழுத்த முடியவில்லை. அதன்பின் மூன்று ஜோடி இல்லாமல் ஏறுவதில்லை: பிடித்து ஏற மெல்லியது, நனைந்தால் மாற்ற இன்னொன்று, அவசரத்துக்கு விரல் பிரியாத தடித்த உறை. மணிக்கட்டில் மாட்டும் கயிறும் உண்டு. வாங்கும்போதே கையுறை அணிந்தபடி கிராம்பானைக் கட்டிப் பாருங்கள். கட்ட முடியாவிட்டால் இரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: பனிச்சரிவு அபாயத்தை எப்படிக் கணிப்பது?

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் புறப்படுகின்றன. முகடு பெரும்பாலும் பாதுகாப்பானது. முகட்டை அடையும் சரிவும் இறங்கும் சரிவும்தான் கவலைக்குரியவை, குறிப்பாகக் காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும் மறுபக்கம். அன்றைய பனிச்சரிவு அபாய முன்னறிவிப்பு ஐந்து படிகளில் மூன்றைத் தொட்டால் புதியவர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுக்கட்டும். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக் கருவியை வைத்திருந்தால், துழாவு கம்பியும் மண்வாரியும் உடன் வருவோர் அனைவரிடமும் இருக்க வேண்டும். உங்களைத் தோண்டி எடுப்பவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: தண்ணீரும் டார்ச்சும் குளிரில் தகராறு செய்கின்றன. என்ன செய்யலாம்?

உறிஞ்சுகுழாய் முதலில் உறைந்துபோகும் என்பதால் அதை விட்டுவிட்டு அகன்ற வாய்ப் பாட்டிலை, மூடியை நன்கு இறுக்கி, தலைகீழாக வையுங்கள். நீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையும், கீழே இருக்கும் வாய் அடைபடாமல் இருக்கும். டார்ச்சுக்கு லித்தியம் பேட்டரி குளிரைத் தாங்கும். மாற்று பேட்டரியையும் கைபேசியையும் வெளிப்பையில் வைக்காமல் ஃபிளீஸின் உட்பையில், மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.